தீர்ப்பை எடுக்கும் முன் மூலப்பத்திரத்தை எடுங்கள்

போன வாரம் ஈரோட்டில் ஒரு ஜூனியர் வக்கீல் தம்பி பாகப்பிரிவினைப் பிராது ஒன்றைக் காட்டினார். மூன்றாவது பத்தியிலேயே வினீதா சர்மா தீர்ப்பு வந்துவிட்டது. சொத்து அப்பாவுக்கு எப்படி வந்தது என்பது கடைசிப் பக்கம் வரை வரவில்லை. திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. 2006-ல் நான் எழுதிய பிராதும் இதே லட்சணத்தில்தான் இருந்தது.

இப்படி நாம் செய்யும் தவறுகளைக் கீழே சொல்கிறேன். சர்வே எண்ணைத் தப்பாகப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதைக் குமாஸ்தாவே திருத்திவிடுவார்.

'பாட்டன் சொத்து' என்ற பேச்சை நம்புவது

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம், கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்பால் உரிமை கொடுத்தது. அது அமலுக்கு வந்த செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா? வேண்டும் என்றது 2015-ல் பூலாவதி வழக்கு. 2018-ல் தானம்மா வழக்கிலோ, 2001-லேயே இறந்துபோனவரின் மகள்களுக்கும் பங்கு கிடைத்தது. இந்த முடிச்சை 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அவிழ்த்தார்கள். அந்தச் சட்டத்தின் பிரிவு 6-ல் இருக்கும் 'பிறப்பால்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டார்கள். உரிமை பிறப்பிலேயே வந்துவிட்டதென்றால் அப்பா எப்போது இறந்தார் என்று கேட்பானேன்?

சரி, ஆனால் இவ்வளவும் கூட்டுக்குடும்பச் சொத்துக்குத்தான். பாட்டன் கையில் இருந்ததெல்லாம் நம் ஊர்ப் பேச்சில் பூர்வீகம். சட்டத்தில் அப்படி இல்லை. பாட்டன் சொந்தமாகச் சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயில் எழுதாமல் இறந்தால், பிரிவு 8-ன்படி அப்பாவுக்கு வருவது அவருடைய தனிச்சொத்து. சந்தர் சென் வழக்கில் 1986-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அப்பா அதை யாருக்கு வேண்டுமானாலும் எழுதிவைக்கலாம்.

எனக்கு அது உறைக்கவில்லை. பவானிப் பக்கம் ஒரு அம்மணி. கிணற்றோடு மூன்று ஏக்கர் தோட்டம். அப்பா மகன் பேருக்கு உயில் எழுதிவிட்டுப் போய்விட்டார். புதுச் சட்டம் வந்த சூட்டில் 'பூர்வீகம்' என்று எழுதிக் கொடுத்தேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு மூத்த வக்கீல் ஒரே கேள்விதான் கேட்டார்: "தோட்டம் உங்க பாட்டனுக்கு எப்படி வந்துச்சுங்க அம்மணி?" அந்த அம்மாள் பெருமையாகச் சொன்னார்: "ஜமக்காளத் தறி ஓட்டிச் சம்பாதிச்சு அவரே வாங்குனதுங்க." பாட்டன் இறந்தது 1962. அப்பா ஒரே வாரிசு. கதை முடிந்தது.

இன்றும் எரிச்சலாக இருப்பது அது இல்லை. அந்த உயிலில் இடிக்க இடம் இருந்தது. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் கூண்டில் ஏறினார். நான் இரண்டு கேள்வி கேட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பிறப்புரிமை கையில் இருக்கும்போது உயிலாவது ஒன்றாவது என்ற மிதப்பு. உயில் விழுந்திருந்தால் முதல் வகுப்பு வாரிசாக மகனோடு சமபங்கு கிடைத்திருக்கும். ஆறு வருடம் கழித்து அந்த அம்மாள், "அப்பன் சொத்துல எனக்கு ஒண்ணுமே இல்லீங்களா தம்பி?" என்றார். சட்டத்தின் மேல் பழியைப் போட்டு அனுப்பிவைத்தேன்.

தனிச்சொத்து என்றதும் மகளுக்கு ஒன்றும் இல்லை என்று கையை விரிப்பது இதற்கு மறுபக்கத் தவறு. 2022 ஜனவரியில் அருணாசல கவுண்டர் வழக்கைப் பாருங்கள். 1938-ல் நீதிமன்ற ஏலத்தில் எடுத்த சொத்து அது. 1956-க்கு முன்பே உயில் இல்லாமல் இறந்தவரின் தனிச்சொத்தாக இருந்தாலும் மகளுக்கு வாரிசுரிமை உண்டு என்று தீர்ப்பானது.

2004 டிசம்பர் 20-ஐ மறப்பது

அதற்கு முன் பதிவான பாகப் பத்திரத்தைப் பிரிவு 6 தொடாது. வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். "வாய்ப் பேச்சிலேயே பிரிச்சுக்கிட்டோமுங்க" என்று அண்ணன்மார் சொன்னால் பயப்பட வேண்டாம். அரசு ஆவணங்களின் பலம் இருக்கும் அபூர்வ வழக்குகளில்தான் அது எடுபடும் என்பதும் அதே 2020 தீர்ப்பில் இருக்கிறது.

ஹெட்நோட்டைத் தீர்ப்பாக வாசிப்பது

தீர்ப்புக்கு மேலே அச்சாகும் அந்தச் சுருக்கம் பதிப்பாளர் எழுதியது.

தள்ளுபடியை ஆமோதிப்பு என்பது

மேல்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு உச்ச நீதிமன்றத்தில் போடும் சிறப்பு அனுமதி மனுவைக் காரணம் சொல்லாமல் தள்ளினால், உயர் நீதிமன்றத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் ஏற்றதாக ஆகாது. 2000-ல் வந்த குன்ஹயம்மது தீர்ப்பைப் படியுங்கள்.

பிரிவு 142-ஐ முன்சீஃப் கோர்ட்டில் கேட்பது

2022 மே 18-ல் பேரறிவாளன் விடுதலையானது அரசியல் சட்டத்தின் அந்தப் பிரிவில்தான். முழு நீதி கிடைக்கத் தேவையான ஆணையைப் பிறப்பிக்க உச்ச நீதிமன்றத்துக்கு மட்டும் உள்ள அதிகாரம். கேட்காதீர்கள்.

அந்தத் தம்பியிடம் மூலப்பத்திரம் எங்கே என்றேன். கட்சிக்காரம்மாவின் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருக்கிறதாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் நகலுக்கு மனுப் போடச் சொல்லி, பிராதை என் மேசையிலேயே வாங்கி வைத்துக்கொண்டேன்.