சண்டையும் காதலும் ஒரே படத்தில்: வட சென்னையில் குத்துச்சண்டைப் படம் எடுக்க நினைக்கிறவர்களுக்கு

போட்டிப் படம் எழுத உட்கார்ந்ததும் எல்லோரும் ஹீரோ யார், ஹீரோயின் யார், வில்லன் யார் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அதைத் தள்ளி வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முதலில் டிரா போடுங்கள், அதாவது எந்தச் சுற்றில் யார் யாரோடு மோதுவது என்ற பட்டியல். ஒரு எடைப் பிரிவில் 16 பேர் என்றால் கோப்பையைத் தொட நான்கு பவுட், அதாவது நான்கு மோதல், ஜெயிக்க வேண்டும், 32 பேர் என்றால் ஐந்து, முதல் சுற்றில் பை கிடைத்து மோதாமலே அடுத்த சுற்றுக்குப் போனால் ஒன்று குறையும். நான்கு பவுட் என்றே வைத்துக்கொள்வோம். அவைதான் திரைக்கதையின் தூண்கள், அவற்றுக்கு நடுவில் இருக்கிற நாட்களில்தான் காதல் நடக்க வேண்டும். காதலுக்கு ஒரு டிராக், சண்டைக்கு ஒரு டிராக் என்று பிரித்து எழுதினால் காதல் வரும்போது பாதிப் பேர் போனை எடுத்துவிடுவார்கள், சண்டை வரும்போது மீதிப் பேர்.

நான் தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன், இதுவரை இரண்டு குறும்படம் எடுத்திருக்கிறேன், இரண்டுமே குத்துச்சண்டை பற்றியவை. முதல் படத்தில் இந்தத் தப்பைத்தான் செய்தேன். இரண்டாவதில் எனக்கு நானே ஒரு சோதனை வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு பவுட் முடிந்ததும் அந்த இரண்டு பேருக்கு நடுவில் ஏதாவது மாறியிருக்க வேண்டும், ஒவ்வொரு காதல் காட்சி முடிந்ததும் அடுத்த பவுட்டில் அவன் கையும் காலும் வேறு மாதிரி நகர வேண்டும். இரண்டும் நடக்காத காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிட்டேன். நீங்களும் வெட்டுங்கள்.

கராத்தே, சிலம்பம், கிக் பாக்ஸிங் எதை வைத்தும் இப்படி ஒரு படம் எடுக்கலாம். ஆனால் கதை ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவில் நடக்கிறது என்றால் குத்துச்சண்டையைத்தான் சொல்வேன். சார்பட்டா, இடியப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் மோதிய ஊர் இது, ரோஷமான ஆங்கிலக் குத்துச்சண்டை என்று போஸ்டர் ஒட்டிக் கூட்டம் சேர்த்த ஊர். 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத பெரியவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள். அரிவாளைக் காட்டினால்தான் வட சென்னை என்று ஒரு பழக்கம் சினிமாவில் வந்துவிட்டது, இங்கே பிறந்தவனுக்கு அது வலிக்கிறது. விடிகாலையில் கடற்கரைச் சாலையில் ஓடிவிட்டு எட்டு மணிக்கு வேலைக்குப் போகிற பையன்களும் பெண்களும் இங்கே நிறைய. உங்கள் கதை அவர்களுடையது.

கதை எந்த வருடம் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், சும்மா விட்டால் விஷயம் தெரிந்தவர்கள் முதல் ரீலிலேயே படத்தை விட்டு வெளியே போய்விடுவார்கள். 2013க்கு முன்னால் என்றால் அமெச்சூர் போட்டியில் ஆண்களும் ஹெட்கார்ட் போட்டிருக்க வேண்டும், பெரிய போட்டிகளில் நடுவர்கள் பட்டனை அழுத்தி ஒவ்வொரு குத்தாக எண்ணியிருக்க வேண்டும். அதற்குப் பிறகு என்றால் பெரியவர்கள் பிரிவில் ஆண்களுக்கு ஹெட்கார்ட் கிடையாது, ரவுண்டை ஜெயித்தவருக்கு 10, மற்றவருக்கு அதைவிடக் குறைவு என்கிற 10 புள்ளி முறை. ஹெட்கார்ட் இல்லாத காலத்தை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து, முகம் முழுசாகத் தெரிந்தால்தான் அடி வாங்குகிறவன் மனசில் என்ன ஓடுகிறது என்று பார்க்கிறவருக்குப் புரியும். மூன்று நிமிட ரவுண்ட் மூன்று, நடுவில் ஒரு நிமிட ஓய்வு இரண்டு, ஆக ஒரு பவுட்டுக்கு 11 நிமிடம். 60 கிலோ பிரிவு என்றால் ரிங்கில் 10 அவுன்ஸ் கிளவுஸ், ஸ்பாரிங்கில் 14 அல்லது 16. பயிற்சியில் பெரிய கிளவுஸ், போட்டியில் சின்னது என்று காட்டினால் யாரும் சொல்லாமலே ஆபத்து புரிந்துவிடும்.

சரி, காதலுக்கு வருவோம்.

கதாநாயகியைக் கேலரியில் உட்கார வைத்து, அவன் விழும்போது கண்ணீரும் எழும்போது கைதட்டலுமாகக் காட்டாதீர்கள். போட்டிக்குள்ளேயே அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அவளே பாக்ஸராக இருக்கலாம், 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பெண்கள் குத்துச்சண்டை இருக்கிறது. டைம் கீப்பர் மேசையில் உட்கார்ந்து பெல் அடிக்கிறவளாக இருக்கலாம். எனக்குப் பிடித்த இடம் கார்னர், ரவுண்டுகளுக்கு நடுவில் அவன் வந்து உட்காருகிற ரிங் மூலை. அதே வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவள், வீட்டில் நிறுத்திவிட்டதால் சண்டை போடுவதை விட்டவள், இப்போது வாத்தியாருக்கு உதவியாக அவன் கார்னரில் நிற்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுட்டில் இரண்டு ஓய்வு, நான்கு பவுட்டில் எட்டு. அந்த எட்டு நிமிடங்கள்தான் உங்கள் படத்தின் காதல் காட்சிகள். வாத்தியார் பக்கத்தில் நிற்கிறார், ஆயிரம் பேர் பார்க்கிறார்கள், நெருக்கமாக ஒரு வார்த்தை பேச முடியாது. அவள் மவுத் கார்டை எடுத்துக் கழுவுகிறாள், தண்ணீர் கொடுக்கிறாள்.

"லெஃப்ட்ட எறக்காத, எத்தினி தபா சொல்றது?" என்கிறார் வாத்தியார்.

"வலிக்குதா?" என்கிறாள் அவள்.

"இல்ல."

"பொய் சொல்லாத."

இவ்வளவு போதும். இதற்கு மேல் வசனம் எழுதினால் கெடும். மெட்ராஸ் பாஷையையும் இப்படி ஓரிரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள், வாக்கியத்துக்கு வாக்கியம் திணித்தால் நடிகர்கள் ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் போலத் தெரிவார்கள்.

கையில் துணி சுற்றுகிற காட்சியை யாரும் சரியாகப் பயன்படுத்துவதில்லை. ஹேண்ட் ராப் நாலரை மீட்டர் நீளம். கட்டைவிரலில் மாட்டி, மணிக்கட்டைச் சுற்றி, விரல் முட்டிகளுக்கு மேல் மடித்து மடித்து, விரலிடுக்கு ஒவ்வொன்றாக விட்டு எடுத்து, திரும்ப மணிக்கட்டுக்கு வந்து முடிக்க வேண்டும், ஒரு கைக்கே சில நிமிடம் ஆகும். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேர் படுக்கிற இடத்தில், ஒரு பெண்ணும் பையனும் யாரும் எதுவும் கேட்காமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க இதை விட்டால் வேறு சந்தர்ப்பம் எங்கே இருக்கிறது? முதல் பவுட்டுக்கு முன்னால் அவள் வேகமாக, வேலையாக மட்டும் சுற்றட்டும். இரண்டாவதில் முட்டியில் வீக்கம் பார்த்து ஒரு சுற்றைத் தளர்த்தட்டும். மூன்றாவதில் சண்டை போட்டுப் பேசாமல் இருக்கிறார்கள், அவன் பல்லால் ஒரு முனையைக் கடித்துக்கொண்டு தானே சுற்றுகிறான், சரியாக வரவில்லை. அந்தச் சரியில்லாத சுற்றால் பவுட்டில் சுண்டுவிரலுக்குக் கீழே எலும்பு விரிசல் விடுகிறது. அந்த முறிவுக்குப் பெயரே பாக்ஸர்ஸ் ஃப்ராக்சர்தான். பாருங்கள், காதல் ரிங்குக்குள் போய்விட்டது, ஒரு பாட்டும் வைக்காமல்.

எடையையும் விடாதீர்கள். சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில் எடை பார்ப்பார்கள். 60 கிலோ பிரிவில் 60.4 காட்டினால் கொடுத்த நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும், இல்லையென்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதனால் முதல் நாள் மாலையில் அவளைப் பர்மா கடையில் உட்கார வையுங்கள், அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் தட்டும் வாழைத்தண்டு சூப்பும் அவளுக்கு முன்னால், அவனுக்கு முன்னால் ஒன்றுமில்லை. அவள் சாப்பிட அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவளும் பாதியில் தட்டைத் தள்ளிவைத்தால் அது ஒரு கதை, முழுசையும் ரசித்துச் சாப்பிட்டு முடித்தால் அது வேறு கதை. நான் இரண்டாவதை எடுப்பேன், அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்துப் போகும்.

கதைக்கு ஒரு கெடுவும் வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. காசிமேட்டில் படகு வேலைக்குப் போகிற ஒருவன் வருடத்தில் தொடர்ந்து கரையில் இருப்பது அப்போதுதான். கையில் காசு இல்லை, நேரம் இருக்கிறது. பயிற்சி, போட்டி, காதல் எல்லாம் அந்த 61 நாளுக்குள் நடந்து முடிய வேண்டும், 62ஆம் நாள் படகு கிளம்பும் என்று எழுதிப் பாருங்கள், வில்லனே தேவைப்படாது. தடைக்காலத்தில் வரிசையாகக் கட்டிக் கிடக்கிற படகுகள் படமாக்கவும் கிடைக்கும். ஆனால் துறைமுகத்துக்குள்ளே அனுமதி இல்லாமல் கேமராவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், சாலையில் எடுக்கவும் காவல் துறையிடமும் மாநகராட்சியிடமும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். ஒரு நாள் படப்பிடிப்பு நின்றால் சின்ன படத்துக்கு அது பெரிய அடி.

இனி சண்டையை எடுப்பது. நடிகர்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் உண்மையான வாத்தியாரிடம் பயிற்சி கொடுங்கள், குத்துவதைவிட ஃபுட்வொர்க்குக்கு. கைவீச்சைப் பொய்யாகச் செய்துவிடலாம், கால் பொய் சொன்னால் அசிங்கமாகத் தெரியும். குத்து முகத்தில் படவே கூடாது, அரை அடி முன்னாலேயே கடந்து போக வேண்டும். குத்து வாங்குகிறவருக்குப் பின்னாலோ குத்துகிறவர் தோளுக்குப் பின்னாலோ கேமராவை வைத்தால் அந்த இடைவெளி கண்ணுக்குத் தெரியாது, பக்கவாட்டில் வைத்தால் பட்டவர்த்தனமாகத் தெரியும். தலை திரும்புகிற நேரம்தான் அடியை நம்ப வைக்கிறது, அதனால் அடிக்கிறவரைவிட வாங்குகிறவருக்கு அதிக ஒத்திகை கொடுங்கள். ஸ்டண்ட் மாஸ்டர் சரி என்று சொல்லாமல் ஒரு குத்தும் வேண்டாம், மருத்துவம் தெரிந்த ஒருவர் ரிங் பக்கத்தில் இருக்கட்டும்.

சிவப்புக் கார்னர் இடது பக்கம் என்றால் படம் முழுக்க இடது பக்கம். முதல் குறும்படத்தில் ஆர்வத்தில் ரிங்கைச் சுற்றிச் சுற்றி எடுத்தேன், எடிட்டில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று எனக்கே குழப்பமாகி ஒரு பவுட்டை மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அதிலிருந்து கேமரா ரிங்குக்கு ஒரே பக்கம்தான், மறு பக்கம் போக வேண்டும் என்றால் பார்வையாளர் கண்ணெதிரிலேயே நகர்ந்து போகும்.

கூட்டத்துக்குச் செலவழிக்க முடியாது என்றால் ரிங்குக்கு மேலே மட்டும் விளக்குப் போட்டு மற்றதை இருட்டாக விடுங்கள். 60 பேரை ஒரே மூலையில் நெருக்கமாக உட்கார வைத்து, சட்டையை மாற்றி மாற்றி நான்கு மூலைக்கும் நகர்த்தி எடுத்தால் அரங்கம் நிறைந்துவிடும். நான்கு பவுட்டையும் ஒரே மாதிரி எடுக்காதீர்கள். முதல் பவுட் ஒன்றரை நிமிடத்தில் முடியட்டும், இரண்டாவதில் சண்டையையே காட்டாமல் அவள் முகத்தை மட்டும் காட்டலாம், ஒன்றையாவது வெட்டே இல்லாமல் ஒரு முழு ரவுண்ட் எடுங்கள், நடிகருக்கு உண்மையிலேயே மூச்சு வாங்கும், அது எந்த நடிப்பிலும் வராது. ஸ்லோமோஷனைப் படத்தில் ஒரு முறைக்கு மேல் தொடாதீர்கள்.

அப்புறம், இறுதிப் போட்டியில் ஹீரோ ஜெயிக்கத்தான் வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. குத்துச்சண்டையில் மூன்றாம் இடத்துக்கு வழக்கமாகத் தனிப் போட்டி வைப்பதில்லை, அரையிறுதியில் தோற்கிற இரண்டு பேருக்கும் வெண்கலம். மூன்றாவது பவுட்டான அரையிறுதியில், கை உடைந்த நிலையில் அவன் நின்றுகொண்டே இருக்கிறான், கார்னரிலிருந்து அவள் துண்டை எறிந்துவிடுகிறாள், பவுட் நிற்கிறது. அவனைக் காப்பாற்றியவளும் அவள்தான், அவன் கனவை முடித்தவளும் அவள்தான். வெண்கலத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஒரே ரயிலில், ஒரு இருக்கை இடைவெளி விட்டு, வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பேசாமல் போகிறார்கள் என்று யோசியுங்கள். ஒரு பவுட் செலவும் மிச்சம். தடைக்காலம் முடிய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்பதை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம்.

ஒலியை மட்டும் நெட்டிலிருந்து இறக்காதீர்கள். ஜிம்முக்குப் போய் மணல் மூட்டையில் விழுகிற குத்து, ஸ்கிப்பிங் கயிறு தரையைத் தட்டுவது, காலணி கேன்வாஸில் உரசுவது எல்லாவற்றையும் நீங்களே பதிவு செய்யுங்கள். ரவுண்ட் முடிய பத்து விநாடி இருக்கும்போது கட்டையால் தட்டுகிற சத்தம் ஒன்று உண்டு, அதையும். முதல் இரண்டு பவுட்டிலும் அந்தச் சத்தம் கேட்டதும் அவள் ஸ்டூலையும் தண்ணீர் பாட்டிலையும் எடுப்பதைக் காட்டிப் பழக்குங்கள். கடைசி பவுட்டில் கட்டை தட்டும்போது ஸ்டூலை விட்டுவிட்டுத் துண்டை எடுக்கட்டும்.