டம்ளர் கவிழாத நாற்காலிக் கை: திண்ணைக்கு ஒரு செய்முறை

திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் எங்கள் வீடு. காலை ஆறு மணிக்கு அப்பா திண்ணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க எட்டாகும். கையில் பித்தளை டம்ளர், மடியில் செய்தித்தாள். இரண்டு ஆண்டுகளாக அவருக்குக் கை நடுக்கம். டம்ளரைத் தரையில் வைத்தால் குனிந்து எடுக்க முடிவதில்லை. பக்கத்தில் ஸ்டூல் போட்டால் முழங்கை தட்டிவிடுகிறது. நாற்காலிக் கையின் மேலேயே வைத்துக்கொள்வார். ஒருநாள் கொதிக்கக் கொதிக்க இருந்த காபி தொடையில் கொட்டி, தோல் வழன்றுபோனது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்த வேலை.

மூன்றாவது முயற்சியில்தான் சரியாக வந்தது. முதல் இரண்டு ஏன் தவறின என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன். தச்சு வேலை தெரியாதவர்களும் ஒரு ரம்பம், உளி, டிரில் வைத்துக்கொண்டு செய்துவிடலாம். கழுந்து (ஒரு கட்டையின் நுனியை மெலிதாகச் செதுக்கி இன்னொன்றின் துளையில் செருகும் இணைப்பு) போடத் தெரியாவிட்டால் சட்டகத்தை மட்டும் ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டு, கையை நீங்களே செய்யுங்கள். இந்த நாற்காலியின் உயிர் கையில்தான் இருக்கிறது.

முதலில் பாத்திரத்தை அளக்க வேண்டும்

மரத்தைத் தொடுவதற்கு முன் டம்ளரைத் தொடுங்கள். யார் உட்காரப்போகிறாரோ, அவர் தினமும் குடிக்கும் அதே டம்ளர். கடையில் புதிதாக வாங்கி அளக்காதீர்கள். பழகிய பாத்திரத்தை யாரும் மாற்றிக்கொள்ள மாட்டார்கள்.

அப்பாவின் டம்ளர் 10 செ.மீ. உயரம். அடியில் 5.2 செ.மீ. விட்டம், மேலே போகப் போக அகன்று, வாய்க்குச் சற்றுக் கீழே 7.2 செ.மீ. அதற்கு மேல் வெளிப்பக்கம் மடிந்த விளிம்பு. சூடாக இருக்கும்போது இரண்டு விரலால் பிடித்துத் தூக்குவது அந்த விளிம்பைத்தான். அளவுக்கருவி இல்லாவிட்டால், நூலை ஒரு சுற்றுச் சுற்றி அதன் நீளத்தை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைத்துவிடும். அடியிலிருந்து 6 செ.மீ. உயரத்தில் நூல் 20.1 செ.மீ. வந்தது. அதாவது விட்டம் 6.4 செ.மீ. இந்த ஓர் எண்ணைப் பெரிதாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா அளவும் இதிலிருந்துதான் பிறக்கும்.

என் முதல் முயற்சியில் கையின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு வட்டமாகக் குடைந்து, அதில் டம்ளரை உட்கார வைத்தேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் பத்து செ.மீ. உயரப் பாத்திரத்தை அடியில் ஒன்றரை செ.மீ. மட்டும் பிடித்தால் போதாது. மேலே முழங்கை பட்டதும் கவிழ்ந்தது. இன்னொரு தொல்லை: சிந்திய காபி குழியில் தங்கி, மறுநாள் காலையில் எறும்புச் சாரி வந்துவிட்டது.

விடை சமையலறையிலேயே இருந்தது. உருண்டை அடியுள்ள பானையை நம் வீடுகளில் வைக்கோல் பிரிமணையில் வைப்பார்கள். அடிமுனையைப் பிடிக்காமல் வயிற்றைச் சுற்றி வளையமாகப் பிடிப்பதால் பானை அசையாது. நாற்காலிக் கைக்கும் அதே தந்திரம்தான்: மேலே ஒரு வளையம், கீழே ஒரு தட்டு. டம்ளரின் பாரம் தட்டில் இறங்கும், பாதி உயரத்துக்கு மேல் வளையம் சுற்றிவளைத்துக்கொள்ளும், 4 செ.மீ. மட்டும் கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சாய்வதற்கு இடமே இல்லை. தட்டின் நடுவில் ஓர் ஓட்டை போட்டுவிட்டால் சிந்துவது கீழே போய்விடும்.

மரம்

கால்களுக்கும் சட்டங்களுக்கும் நான் பூவரசு எடுத்தேன். 2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த எங்கள் கொல்லைப் பூவரசைப் பலகையாக அறுத்து மாட்டுக்கொட்டகைப் பரணில் போட்டு வைத்திருந்தோம், நன்றாகக் காய்ந்திருந்தது. கைக்கு மட்டும் பழைய தேக்கு. ஓட்டு வீடுகளைப் பிரிக்கும் இடங்களில் தேக்குச் சட்டங்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். உள்ளே ஆணி இருந்தால் ரம்பத்தின் பல் போய்விடும்.

கைக்குத் தேக்கு என்று நான் வற்புறுத்தக் காரணம் இரண்டாவது முயற்சி. கார்த்திகை மாதத்தில், சரியாகக் காயாத வேப்பம்பலகையில், டம்ளரைச் சுற்றி ஒரு மி.மீ. மட்டும் இடைவெளி விட்டுத் துளை போட்டேன். மழை முடியும்வரை ஒரு குறையும் இல்லை. சித்திரையில் டம்ளர் துளைக்குள் இறுகி, அப்பா வெடுக்கென்று இழுக்க, காபி முகத்தில் தெறித்தது. மரம் ஈரத்தில் ஊதும்போது துளை சிறுக்கும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நடப்பது தலைகீழ். பலகை விரிந்தால் துளையும் சேர்ந்து விரியும். பலகை சுருங்கினால் துளையும் சுருங்கும். அதுவும் எல்லாப் பக்கமும் அல்ல. மரம் நாரின் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். அதனால் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிடுகிறது. தேக்கு இந்த அசைவு குறைந்த மரம். தேக்கு கட்டுப்படியாகாவிட்டால் நன்கு காய்ந்த பலா எடுங்கள். எந்த மரமானாலும் பச்சை மரம் மட்டும் வேண்டாம்.

அட்டையில் ஒத்திகை

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். தடித்த அட்டையில் கையை முழு அளவில் வெட்டி, வீட்டில் இருக்கும் நாற்காலியின் கைமேல் கட்டுங்கள். உட்காரப்போகிறவரை உட்கார வைத்து, இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, அவர் எழுந்திருக்கும்போது எங்கே கையை ஊன்றுகிறார்? அப்பா நாற்காலிக் கையின் முன்நுனியை இறுகப் பற்றிக்கொண்டுதான் எழுந்தார். கடையில் விற்கும் மடக்கு நாற்காலிகள் பலவற்றில் கோப்பைத் துளை அந்த முன்நுனியில்தான் இருக்கிறது. வயதானவருக்கு அது ஆகாது. முழு உடம்பின் பாரமும் இறங்கும் இடத்தில் மரத்தைக் குடைந்து பலவீனப்படுத்தக் கூடாது. இரண்டு, முன்கை எங்கே படிகிறது? அந்தத் தடத்தில் டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தால் கை வைக்க முடியாது.

ஆகவே துளை முன்நுனியிலும் வராது, முன்கை படியும் தடத்திலும் வராது. தடத்துக்கு வெளிப்பக்கம் வரும். அட்டையில் வட்டம் போட்டு, அவரைக் கண்ணை மூடிக்கொண்டு டம்ளரைத் தொடச் சொல்லுங்கள். கை தானாகப் போகும் இடம் தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அது முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. உள்ளே அமைந்தது.

சட்டகம்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கை நாற்காலிதான். கால்கள் 4.5 செ.மீ. சதுரம், குறுக்குச் சட்டங்கள் 7 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. கனம். இருக்கை முன்னால் 44 செ.மீ. உயரம், பின்னால் 41. இருக்கையின் அகலம் 50, ஆழம் 46. தரையிலிருந்து கையின் மேற்பரப்பு 66 செ.மீ. முன்கால் நேராக மேலே போய்க் கையைத் தாங்கும். அதன் உச்சியில் 2 செ.மீ. கழுந்து விட்டு, மொத்தம் 65 செ.மீ. நீளத்தில் அறுக்க வேண்டும். இருக்கைக்குப் பலகை போடலாம். எனக்குப் பிரம்புப் பின்னல்தான் பிடிக்கும். கொள்ளிடத்தை அடுத்த தைக்கால் வழியாகப் போகிறவர்களுக்குச் சாலையோரப் பிரம்புக் கடைகள் நினைவிருக்கும்.

ஒன்றே ஒன்றை மறக்காதீர்கள். இருக்கை பின்பக்கம் சாய்ந்திருப்பதால் கையையும் அதோடு சாய்க்கத் தோன்றும். சாய்க்கக் கூடாது. சமதரையில் நாற்காலியை நிறுத்தி, கைமேல் ரசமட்டம் வைத்தால் குமிழி நடுவில் நிற்க வேண்டும்.

கையை அறுத்துத் துளையிடுதல்

டம்ளர் வரும் வலக்கைக்குப் பலகை 52 செ.மீ. நீளம், 16 செ.மீ. அகலம், 3 செ.மீ. கனம். அகலத்தின் கணக்கு இது: உட்புறம் முன்கை படிய 6.5, துளைக்கு 6.8, வெளிப்புறச் சுவருக்கு 2.7. வெளிச் சுவரை 2.5 செ.மீ.க்குக் கீழே குறைக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கைமேல் ஏறி உட்காரும் நாளில் அது பிளந்துவிடும். துளை 6.8 செ.மீ. ஏன் என்றால், டம்ளர் அந்த உயரத்தில் 6.4, சுற்றிலும் இரண்டு மி.மீ. இடைவெளி. உங்கள் டம்ளருக்கு ஏற்ப இதை மாற்றிக்கொள்ளுங்கள்.

துளை போட்ட பிறகே பலகையை வடிவத்துக்கு அறுக்க வேண்டும். செவ்வகமாக இருக்கும்போதுதான் மேசையில் இறுக்கிப் பிடிக்க வசதி.

உள்விளிம்பிலிருந்து 9.9 செ.மீ., முன்விளிம்பிலிருந்து 15 செ.மீ. இரண்டும் சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்து, கவராயத்தால் வட்டம் போடுங்கள். டிரில்லில் மாட்டும் வட்ட ரம்பத்தைக் கடையில் 'ஹோல் சா' என்று கேட்டால் கொடுப்பார்கள், 68 மி.மீ. அளவு கிடைக்கும். பலகைக்கு அடியில் ஒரு வேண்டாத கட்டையை வைத்து கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மெதுவான வேகம் போதும். நடு ஊசி மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, பலகையைத் திருப்பிப் போட்டு அந்தப் பக்கத்திலிருந்து முடியுங்கள். ஒரே பக்கத்திலிருந்து ஓட்டிவிட்டால் அடிப்பக்கம் சிம்பு சிம்பாகப் பெயரும். வட்ட ரம்பம் இல்லாவிட்டால், கோட்டுக்கு உள்ளே சிறு துளைகளை வரிசையாகப் போட்டு, உளியால் வெட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் கோடுவரை ராவுங்கள். ஒரு மணி நேரம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

பிறகு வடிவம். முன்விளிம்பிலிருந்து 28 செ.மீ. வரை முழு அகலம் அப்படியே இருக்கட்டும். அங்கிருந்து பின்பக்கம் போகப் போக நேர்கோட்டில் குறுகி 7 செ.மீ.யில் முடியட்டும். உள்விளிம்பு முழுவதும் நேர்கோடு. அகலம் எல்லாம் வெளிப்பக்கம்தான். துளையைச் சுற்றி வட்டமாக வளைத்து அறுத்தால் அழகாக இருக்கும் என்று ஆசை வரும். ஆனால் வளைவில் நார் குட்டையாக வெட்டுப்படும், முதலில் பிளப்பது அங்கேதான்.

அறுக்கும் முன் வீட்டு நிலைவாசலையும் அளந்துவிடுங்கள். வலக்கை 16, இருக்கை 50, இடக்கை 7 என்று நாற்காலி 73 செ.மீ. அகலம் வரும். திண்ணையிலிருந்து மழைக்கு உள்ளே தூக்கிப்போக வழி வேண்டும்.

தட்டு

கையின் அடியில், துளைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கட்டை: 8 செ.மீ. நீளம், 3 செ.மீ. உயரம், 2.5 செ.மீ. கனம். பசை தடவி, கட்டைக்கு இரண்டு திருகாணி வீதம் போடுங்கள். திருகாணிக்கு முன்துளை போடாவிட்டால் தேக்கு வெடிக்கும். கட்டைகளுக்குக் கீழே 12 செ.மீ. நீளம், 8 செ.மீ. அகலம், 1.2 செ.மீ. கனத்தில் தட்டு. இதற்குப் பசை வேண்டாம், திருகாணி மட்டும்; எப்போதாவது கழற்றிக் கழுவ வேண்டியிருக்கும். தட்டின் நடுவில் 2.5 செ.மீ. ஓட்டை. இரு பக்கமும் திறந்தே இருப்பதால் துணியை நுழைத்துத் துடைத்துவிடலாம்.

இப்போது கையின் கனம் 3, கட்டை 3, ஆக டம்ளர் 6 செ.மீ. உள்ளே இறங்கும். முதலில் நூலால் அளந்த உயரம் இதுதான்.

துளையின் மேல்விளிம்பை அரத்தால் மழுக்கி, உப்புத்தாளால் தேய்த்து வழுவழுப்பாக்குங்கள். நடுங்கும் கை டம்ளரைத் திரும்ப வைக்கும்போது விளிம்பில் முட்டாமல் தானாக உள்ளே வழுக்கிப் போக வேண்டும். அரை மணி நேரம் இதற்கே செலவிட்டேன்.

வார்னிஷ் அடிக்காதீர்கள். சூடான பாத்திரம் பட்டால் வெள்ளை வளையம் விழும். காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெல்லியதாகத் தடவி, பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்தது. மூன்று பூச்சு போதும். அந்த எண்ணெய்த் துணியை மட்டும் சுருட்டி மூலையில் எறிந்துவிடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது. கொடியில் விரித்துக் காயப்போட்டு, பிறகு அப்புறப்படுத்துங்கள்.

சோதனை

கையைக் கழுந்தில் பொருத்திப் பசை காய்ந்ததும், டம்ளரில் காபி அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வைத்து நாற்காலியை உலுக்குங்கள். முழங்கையால் வேண்டுமென்றே இடியுங்கள். பின்கால்களுக்கு அடியில் ஒரு செங்கல்லை வைத்துப் பாருங்கள். சுடுகாபியை இந்தச் சோதனைகள் முடியும்வரை கொண்டுவரக் கூடாது.

அடுத்தது திண்ணை. மழைநீர் வடிய வேண்டும் என்று திண்ணையைத் தெருப்பக்கம் சற்று வாட்டமாகத்தான் கட்டியிருப்பார்கள். எங்கள் திண்ணையில் ரசமட்டக் குமிழி நன்றாகவே ஒதுங்கியது. தெருப்பக்கம் வரும் கால்களுக்கு அடியில் மெல்லிய தேக்குத் துண்டுகளை ஆணியடித்து மட்டம் செய்தேன். சாரலில் காலின் அடி ஈரம் குடிக்காமல் இருக்கவும் அது உதவுகிறது.

இடக்கையில் டபராவுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று அப்பா கேட்டார். அதற்கு இடக்கைக்கு 7 செ.மீ. அகலம் போதாது, வலக்கையைப் போல அகலமாக அறுக்க வேண்டும். மற்றபடி எளிது, டபரா குட்டை, விளிம்பு அகலம். உடம்பைவிடப் பெரியதாகவும் விளிம்பைவிடச் சிறியதாகவும் ஒரு துளை போட்டால் விளிம்பிலேயே தொங்கும், தட்டு தேவையில்லை. டம்ளருக்கும் சேர்த்து அந்த ஒரே துளையை வைத்துக்கொள்ளலாமே என்று நினைக்காதீர்கள். டபராவுக்குள் டம்ளர் தாராளமாக ஆடும். சாய்ந்தால் காபி வெளியேதான் கொட்டும்.

கத்திரி வெயில் நாளில் ஒருமுறை வெறும் டம்ளரைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். உரசினால், துளையின் உட்புறச் சுவரையும் வெளிப்புறச் சுவரையும் மட்டும் உப்புத்தாளால் தேயுங்கள். முன்பின் சுவர்களைத் தொட வேண்டாம். அந்தத் திசையில் மரம் சுருங்கியிருக்காது. தேய்த்த இடத்தில் மறுபடி எண்ணெய் தடவி, ஒரு நாள் காயவிட்டு, டம்ளரை வையுங்கள்.