ஆஞ்சியோ ரிப்போர்ட்டைப் படிக்கலாம் வாங்க

கோத்தகிரி, குன்னூர் பக்கம் யாருக்காவது நெஞ்சு வலி என்றால் "கீழே கூட்டிட்டுப் போயிருக்காங்க" என்பார்கள். கீழே என்றால் கோவை. திரும்பி வரும்போது கையில் ஒரு தடித்த ஃபைல் இருக்கும். உள்ளே ஆஞ்சியோ ரிப்போர்ட், அதாவது இதயக் குழாய்களுக்குள் மருந்து செலுத்தி எக்ஸ்ரேயில் அடைப்பைப் பார்த்த முடிவு. வீட்டில் படித்த பிள்ளை யாரோ அவர் தலையில்தான் அந்த ஃபைல் விழும். அந்தப் பிள்ளைக்காகத்தான் இந்தப் பதிவு.

படி 1: கடைசிப் பக்கத்தில் தொடங்குங்கள்

'இம்ப்ரெஷன்' என்று ஒரு வரி இருக்கும். அதில் 'சி.ஏ.டி.' என்றிருந்தால், இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் குழாய்களில் கொழுப்பு படிந்திருக்கிறது என்று பொருள். கூடவே 'சிங்கிள் வெசல்', 'டபுள் வெசல்', 'டிரிபிள் வெசல்' என்று இருக்கும். எத்தனை முக்கியக் குழாய்களில் பெரிய அடைப்பு என்ற கணக்கு அது.

படி 2: எந்தக் குழாய்?

வலப்பக்கக் குழாய் ஆர்.சி.ஏ. இடப்பக்கம் 'லெஃப்ட் மெயின்' என்று ஒரு குட்டைத் தண்டு கிளம்பி எல்.ஏ.டி., எல்.சி.எக்ஸ். என்று இரண்டாகப் பிரியும். எல்.ஏ.டி. இதயத்தின் முன்சுவரைப் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் 'ப்ராக்ஸிமல் எல்.ஏ.டி. 90% ஸ்டெனோசிஸ்' (ஸ்டெனோசிஸ் என்றால் சுருக்கம்) என்ற வரியைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து உட்காருகிறார். ப்ராக்ஸிமல் என்றால் குழாயின் தொடக்கம், மிட் நடு, டிஸ்டல் கடைசி. தொடக்கத்தில் அடைத்தால் அதற்குக் கீழே உள்ள அத்தனை தசைக்கும் ரத்தம் குறைந்துவிடும்.

படி 3: சதவீதத்தைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அலட்சியமும் வேண்டாம்

90% அடைப்பு என்றால் இதயம் 10% தான் வேலை செய்கிறது என்று நினைப்பவர்கள் நிறைய. அப்படி இல்லை, அந்த ஓரிடத்தில் குழாயின் விட்டம் அவ்வளவு சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். பொதுவாக 70%க்கு மேல் பெரிய அடைப்பு. லெஃப்ட் மெயினுக்கு மட்டும் 50% போதும். இடைப்பட்ட அடைப்புகளுக்கு எஃப்.எஃப்.ஆர். என்று குழாய்க்குள் அழுத்தம் அளப்பார்கள், 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ரத்த ஓட்டம் குறைகிறது என்று அர்த்தம்.

இன்னொன்று. 40% படிவுகூட திடீரென வெடித்து, மேலே ரத்தம் உறைந்து, குழாயை முழுக்க அடைத்துவிடலாம். 'மைனர் பிளாக்தான்' என்று மாத்திரையை நிறுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

படி 4: அட்டாக்கா, ஆஞ்சைனாவா?

மேடு ஏறினால் நெஞ்சு இறுக்கம், நின்றால் சரியாகிறது: ஸ்டேபிள் ஆஞ்சைனா. நம்மூர்ப் படிக்கட்டும் குளிரும் இதைச் சீக்கிரமே காட்டிக்கொடுத்துவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வலித்தால் அன்ஸ்டேபிள். ரத்தத்தில் டிரோபோனின் (இதயத் தசையிலிருந்து கசியும் புரதம்) கூடியிருந்தால் தசை சேதமாகியிருக்கிறது, அதுதான் அட்டாக்.

அட்டாக்கில் 'ஸ்டெமி' என்று ஈ.சி.ஜி. சொன்னால் குழாய் பெரும்பாலும் முழுக்க அடைத்திருக்கிறது. மலைக்காரர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய வார்த்தை இது. 120 நிமிடத்துக்குள் ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்க முடியாது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதலில் போட்டுவிட்டு அனுப்புவதே முறை. ஊட்டியிலிருந்து கோவை சுமார் 85 கி.மீ.; மழையில் மண் சரிந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே 'கேஸ் டிரபிள்' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல், 108-ஐக் கூப்பிட்டு, பக்கத்தில் ஈ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரிக்கு முதலில் போங்கள். 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல் டோஸ் மாத்திரைகள் கொடுக்கிறார்கள்.

படி 5: மீதிச் சொற்கள்

'ஈ.எஃப்.' எக்கோவில் (இதய ஸ்கேனில்) வரும் பம்பிங் அளவு. 55%, 60% சாதாரணம், 40%க்குக் கீழே என்றால் இதயம் பலவீனம். 'பி.டி.சி.ஏ.' பலூன், ஸ்டென்ட் வைத்தியம். 'சி.ஏ.பி.ஜி.' பைபாஸ். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது, பல் பிடுங்குவதற்காகக்கூட.

ஃபைலில் உள்ள பழைய ஈ.சி.ஜி.யை போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை புது ஈ.சி.ஜி.யோடு ஒப்பிட்டுப் பார்க்க டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.