முதலில் கை, அப்புறம் மூக்கு, கடைசியில்தான் வாய்

போன மாதம் வரை ரசித்துச் சாப்பிட்ட பீன்ஸை உங்கள் இரண்டு வயதுக் குழந்தை இப்போது தட்டை விட்டுத் தள்ளுகிறதா? அடம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பழக்கமில்லாத உணவைக் கண்டு ஒதுங்கும் குணம் 2 வயதிலிருந்து 6 வயதுக்குள்தான் அதிகமாக இருக்கும். கசப்பு பிடிக்காமல் போவதும் பிறவியிலேயே வருவது. சில குழந்தைகளுக்கு மரபணு காரணமாகவே முட்டைக்கோஸ், ப்ரோக்கோலி வகையறாவின் கசப்பு மற்றவர்களைவிடத் தூக்கலாகத் தெரியும். ஒரு காய் பிடித்துப்போக 8 முதல் 15 தடவை சுவைத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம். பல வீடுகளில் மூன்று நான்கு தடவையிலேயே 'இவனுக்கு இது ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

நான் மழலையர் வகுப்பு ஆசிரியை. குழந்தைக்கு அந்தக் காயைத் தொடும் தைரியம் வராதவரை நாக்கில் வைக்கும் தைரியமும் வராது என்பதைத் தினமும் பார்க்கிறேன். அந்தத் தைரியத்தைத்தான் காயோடு விளையாடும் விளையாட்டு கொடுக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: விளையாடும்போது 'சாப்பிடு' என்ற சொல் உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. 'ஒரே ஒரு வாய்' என்பதும்கூடத்தான். ஸ்பூனை விமானமாக்கி வாயைத் திறக்க வைப்பதை நான் விளையாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. அதில் குழந்தை எதையும் தெரிந்துகொள்வதில்லை, ஏமாந்து விழுங்குகிறது.

சாப்பாட்டு நேரத்தில் தொடங்காதீர்கள். இரண்டு வேளைக்கு நடுவே, அவசரமில்லாத பத்து நிமிடம் போதும். ஒரு நாளைக்கு ஒரே காய்.

தொடங்குவதற்குப் பச்சைப் பட்டாணியைவிட நல்ல காய் எனக்குத் தெரியவில்லை. தோலோடு நாலைந்து காய்களைக் கொடுங்கள். நீங்கள் ஒன்றை எடுத்து நுனியைக் கிள்ளி, நாரை இழுத்து, கட்டைவிரலால் மெல்லத் திறந்து காட்டுங்கள். உள்ளே மணிகள் ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம் என்று மாறி மாறி ஒட்டியிருக்கும். 'உன்னுடையதில் எத்தனை இருக்கும்?' என்று கேட்டுவிட்டு, திறக்க விடுங்கள். அழுத்தும்போது 'டப்' என்று வரும் சத்தத்துக்காகவே பிள்ளைகள் அடுத்ததைக் கேட்பார்கள். உரித்த மணிகளை அவர்களே எண்ணிக் கிண்ணத்தில் போடட்டும். தானே உரித்தது என்ற உரிமை வந்துவிட்டால், வேகவைத்து வரும்போது 'இது என்னுடையது' என்று தேடும். மூன்று வயதுக்குக் கீழே என்றால் பக்கத்திலேயே இருங்கள். பட்டாணி மூக்குக்குள் போவது சகஜம். வெந்ததையும் லேசாக நசுக்கிக் கொடுங்கள்.

அடுத்தது சத்த விளையாட்டு. வெள்ளரிக்காயை நீளவாக்கில் மெல்லிய குச்சிகளாக நறுக்குங்கள். இரண்டு காதையும் உள்ளங்கையால் பொத்திக்கொண்டு நீங்கள் முதலில் கடியுங்கள். காதை மூடினால் கடிக்கும் சத்தம் தாடை எலும்பு வழியே தலைக்குள் பெரிதாகக் கேட்கும். 'எனக்குள்ளே இடி இடிக்கிறது, உனக்குள்ளே என்ன கேட்கிறது?' என்று கேளுங்கள். கடித்தால்தான் கேட்கும் என்பதால் குழந்தை தானாகவே கடிக்கும். கடித்ததைத் துப்ப ஒரு சின்னக் கிண்ணம் அருகிலேயே இருக்கட்டும். துப்பலாம் என்ற அனுமதி இருந்தால்தான் பயந்த குழந்தை வாயில் வைக்கும். சுவை நாக்கில் பட்டதே இன்றைக்குப் போதும். கடிப்பது எதுவானாலும் உட்கார்ந்துதான், ஓடிக்கொண்டே கூடாது. நான்கு வயதுக்குள் பச்சைக் கேரட்டைத் துண்டாகத் தராதீர்கள், தொண்டையில் அடைக்கும். துருவியோ வேகவைத்தோ கொடுங்கள்.

கண்ணைக் கட்டி முகர்ந்து கண்டுபிடிப்பது, வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கிப் பூ அச்சுக் குத்துவது எல்லாமும் நன்றாக வேலை செய்யும். அச்சுக்குக் கடைச் சாயம் வேண்டாம், பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாறே போதும். விரலைச் சப்பினாலும் கவலையில்லை. (பீட்ரூட் உள்ளே போயிருந்தால் மறுநாள் சிறுநீரோ மலமோ சிவந்து வரலாம், பதற வேண்டாம்.)

காயை அரைத்து மாவில் மறைத்துக் கொடுப்பது எனக்கு ஒப்பாது. சத்து உள்ளே போகும், சரி. ஆனால் குழந்தைக்கு அந்தக் காயோடு பழக்கமே ஏற்படாது. 'காயை முடித்தால் இனிப்பு' என்பது அதைவிட மோசம்: காய் தண்டனை, இனிப்பு பரிசு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம். பரிசு கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ருசி பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுங்கள்.

சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் எல்லைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். எதை, எப்போது, எங்கே என்பது உங்கள் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு என்பது குழந்தையின் முடிவு. உணவியலாளர் எலின் சேட்டர் வகுத்த இந்தப் பிரிவினையை நான் முழுமையாக நம்புகிறேன். விளையாடிய காயில் ஒரு தேக்கரண்டி அளவு மட்டும், அவர்களுக்குப் பிடித்த உணவின் பக்கத்தில் வையுங்கள். குவித்து வைத்தால் பார்த்த உடனே மனசு மூடிக்கொள்ளும். நீங்களும் அதையே எடுத்துச் சாப்பிடுங்கள். தொடவில்லையா, ஒரு சொல்லும் சொல்லாமல் தட்டை எடுத்துவிட்டு, சில நாள் கழித்து அதே காயை வேறு விதமாக வெட்டிக் கொண்டுவாருங்கள்.

எடை ஏறாமல் நின்றாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ, சாப்பிடும் வகைகள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனாலோ, விளையாட்டை நம்பிக் காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.