ஸ்பானியத்தில் குழப்பும் சொற்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானியம் கற்க வரும் ஒவ்வொரு புதிய குழுவும் அதே சொற்களில், அதே காரணத்தால் தடுமாறுவதைத் தொடர்ந்து பார்த்து வருகிறேன். சொற்பட்டியல்களுக்குப் பஞ்சமில்லை; தடுமாற்றத்தின் காரணத்தைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. 'எம்பராசாதா' என்பது கருவுற்றவளைக் குறிக்கும், கூச்சப்படுபவளை அல்ல என்பது போன்ற எச்சரிக்கைகள் எல்லாப் பாடநூல்களிலும் இருப்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். ஸ்பானியச் சொற்களை ஒலிக்கு நெருக்கமாகத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

'செர்', 'எஸ்தார்': நிரந்தரம் தற்காலிகம் என்னும் சூத்திரம்

ஆங்கிலத்தின் 'பி' (be) வினைக்கு ஈடாக ஸ்பானியத்தில் இரண்டு வினைகள் உண்டு. நிரந்தரமானதற்குச் 'செர்', தற்காலிகமானதற்கு 'எஸ்தார்' என்று முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஒரு வரி உண்டாக்கும் சேதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இறந்தவர் மீண்டும் எழப்போவதில்லை. ஆனாலும் ஸ்பானியத்தில் 'எஸ்தா முவெர்தோ' என்று 'எஸ்தார்' வினையைத்தான் சொல்கிறார்கள். மாத்ரித் நகரம் இடம் பெயர்வதில்லை, அதற்கும் 'எஸ்தார்'தான். மறுபக்கம், மணி மூன்று என்பது சில நொடிகளில் மாறிவிடும், இளமை சில ஆண்டுகளில் கழிந்துவிடும். இரண்டுக்கும் 'செர்' வருகிறது. தொடக்க நிலையிலேயே இத்தனை இடங்களில் பொய்த்துப்போகும் விதியை விதி என்று எப்படிச் சொல்வது?

என்னிடம் படித்த ஒருவர், வேலை தொடர்பான ஒரு சந்திப்புக்குத் தம் இயக்குநர் வர இயலாது என்று ஸ்பெயினில் இருந்தவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினார். இயக்குநர் பல மாதங்களாக நோயுற்றிருந்தார். நீண்ட நாள் நோய் என்பதால் நிரந்தரம் என்று கணக்கிட்டு, 'செர்' வினையின் வடிவமான 'எஸ்' சேர்த்து 'எஸ் மாலோ' என்று அந்த மாணவர் எழுதிவிட்டார். ஸ்பெயினில் 'எஸ்தா மாலோ' என்றால் உடல்நலம் சரியில்லை என்று பொருள். 'எஸ் மாலோ' என்றால் அவர் கெட்டவர். இயக்குநர் கெட்டவர், ஆகையால் வர இயலாது என்ற செய்திதான் அங்கே போய்ச் சேர்ந்தது. மாணவர் விதியை மறக்கவில்லை என்பதுதான் வேதனை. கற்ற விதியைப் பிசகாமல் பின்பற்றியதால் வந்த விளைவு அது.

தமிழர்களுக்கு இந்தச் சூத்திரமே தேவையில்லை. ஆங்கிலம் இரண்டையும் ஒரே வினையில் அடக்கிவிடுகிறது. நாம் ஆங்கிலத்தின் வழியே ஸ்பானியத்துக்குள் நுழைவதால், தமிழில் ஏற்கெனவே இருக்கும் வேறுபாட்டை வாசலிலேயே தொலைத்துவிடுகிறோம். 'அவர் மருத்துவர்', 'இன்று திங்கட்கிழமை', 'மணி மூன்று' என்று தமிழ் வாக்கியம் வினையே இல்லாமல் முடிந்தால், ஸ்பானியத்தில் அங்கே 'செர்' வரும். 'அவர் வீட்டில் இருக்கிறார்', 'சூப் சூடாக இருக்கிறது' என்று 'இரு' வந்தால் பெரும்பாலும் 'எஸ்தார்'. 'எஸ் லிஸ்தோ' என்றால் அவன் கெட்டிக்காரன், 'எஸ்தா லிஸ்தோ' என்றால் அவன் தயாராக இருக்கிறான். 'எஸ் அபுர்ரீதோ' என்றால் சலிப்பூட்டுபவன், 'எஸ்தா அபுர்ரீதோ' என்றால் சலித்துப்போய் இருக்கிறான். 'முவெர்தோ'வும் இதற்குள் அடங்கும், ஏனெனில் இறந்த நிலையில் இருக்கிறார் என்பதே அதன் பொருள். 'எஸ்தார்' என்ற வினையின் வேர் நிற்றலைக் குறிக்கும் லத்தீன் வினை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இடமும் நிலையும் ஏன் அதன் பங்குக்கு வந்தன என்பது விளங்கும்.

இந்தச் சோதனை வழுக்கும் இடங்கள் இரண்டு. 'அவள் உயரமாக இருக்கிறாள்' என்று நாம் சொன்னாலும், அதைப் பொருள் மாறாமல் 'உயரமானவள்' என்று மாற்ற முடிகிறது. அப்படி மாற்ற முடிந்தால் 'செர்' என்று கொள்ள வேண்டும். 'சூப் சூடானது' என்றால் இந்த நேரத்துச் சூட்டைச் சொன்னதாக ஆகாது என்பதால் அங்கே 'எஸ்தார்' நிற்கிறது. இரண்டாவது, நிகழ்ச்சிகளின் இடம். 'அரங்கில் கூட்டம் இருக்கிறது' என்பதை 'நடக்கிறது' என்று மாற்றிப் பாருங்கள். பொருந்தினால் 'செர்' வரும். ஆகவே 'லா ரெயுனியோன் எஸ் என் லா சாலா' என்பதே சரி. கட்டடமோ ஆளோ நடைபெறும் பொருள் அல்ல என்பதால் அவற்றுக்கு 'எஸ்தார்' மாறாது.

'ஆய்', 'எஸ்தா'

'மேசையில் ஒரு புத்தகம் இருக்கிறது' என்று புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தினால் 'ஆய்'. 'புத்தகம் மேசையில் இருக்கிறது' என்று முன்பே தெரிந்த ஒன்றின் இடத்தைச் சொன்னால் 'எஸ்தா'.

'கேட்டேன்' என்ற ஒரே சொல்

நாம் உதவி கேட்கிறோம், வழி கேட்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், திடீரென்று ஒரு சத்தமும் கேட்கிறது. ஸ்பானியத்தில் இவை முறையே 'பெதிர்', 'ப்ரெகுந்தார்', 'எஸ்குச்சார்', 'ஓயிர்' என நான்கு வினைகள். கடைசி இரண்டையும் குழப்பினாலும் பேச்சு புரிந்துவிடும். முதல் இரண்டைக் குழப்பினால் புரியாது: காபி வேண்டும் என்பதற்கு 'ப்ரெகுந்தார்' சொல்லும் மாணவர், காபியிடமே ஏதோ விசாரிப்பதுபோல் எதிரிலிருப்பவர் காதில் விழுகிறது. பொருளோ உதவியோ வேண்டுமென்றால் 'பெதிர்', பதில் வேண்டுமென்றால் 'ப்ரெகுந்தார்' என்று நினைவில் வையுங்கள்.

'இர்', 'பெனிர்'

'இர்' என்றால் போதல், 'பெனிர்' என்றால் வருதல். யாராவது கூப்பிடும்போது 'இதோ வருகிறேன்' என்று குரல் கொடுக்க, 'பெனிர்' வினையின் வடிவமான 'பெங்கோ'வைச் சொல்லாதீர்கள். பேசுபவர் இருக்கும் இடத்தை விட்டு நகர்வதால் ஸ்பானியத்தில் அது போவதுதான், ஆகவே 'இர்' வினையைக் கொண்டு 'யா போய்' என்று சொல்ல வேண்டும்.

'சபேர்', 'கொனோசேர்'

நமக்கு நீச்சலும் தெரியும், ஊரும் தெரியும், ஆளையும் தெரியும். செய்தியும் செய்யும் திறமையும் 'சபேர்' பக்கம். நேரில் பழகிய ஆளும் போய்ப் பார்த்த ஊரும் 'கொனோசேர்' பக்கம். இவற்றின் இறந்தகால வடிவங்களை மட்டும் பலர் அவசரத்தில் கடந்துவிடுகிறார்கள்: 'சூப்பே' என்றால் அப்போதுதான் தெரியவந்தது, 'கொனோசீ' என்றால் முதன்முதலாகச் சந்தித்தேன். பழைய நண்பரை நேற்றுப் பார்த்ததற்குக் 'கொனோசீ' சொன்னால், நேற்றுத்தான் அறிமுகமானீர்கள் என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

'போர்', 'பாரா'

தமிழில் 'உனக்காக' என்பது இரண்டுக்கும் பொதுவாக நிற்கிறது. 'உன்னை முன்னிட்டு' என்று விரித்தால் 'போர்'. 'உன்னிடம் சேர்ப்பதற்காக' என்று விரித்தால் 'பாரா'. நன்றி எப்போதும் முன்பு கிடைத்த ஒன்றின் காரணமாகச் சொல்லப்படுவதால் 'கிராசியாஸ்' (நன்றி) என்பதை அடுத்து அதன் காரணத்தைச் சொல்ல இவ்விரண்டில் 'போர்' மட்டுமே வரும்.

'சோலோ'வின் மேல் குறி

'மட்டும்', 'தனியாக' என்ற இரு பொருள்களையும் பிரித்துக் காட்ட முன்பு முதலாவதன் மேல் அழுத்தக்குறி இட்டார்கள். 2010-இல் ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் எழுத்து நெறிநூல் அது தேவையில்லை என்றது, 2023-இல் பொருள் மயங்குவதாக எழுதுபவர் கருதினால் இடலாம் என்று தெளிவுபடுத்தினார்கள். குறி இல்லாமல் எழுதுங்கள், எங்கும் தவறாகாது.