கிராபிக்ஸ் காட் வாங்கமுதல் ஒரு சின்னச் சோதனை

கேம் திக்கித் திக்கி ஓடுகிறதென்று புதுக் கிராபிக்ஸ் காட் வாங்க பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவுக்கு வெளிக்கிடமுதல், கேம் செட்டிங்கில் ரெசொலூஷனை (படத்தின் புள்ளி எண்ணிக்கையை) 1080-இலிருந்து 720-க்கு இறக்கி, அதே கட்டத்தை ஒருக்கா விளையாடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் (ஒரு செக்கனில் வரும் ஃபிரேம்கள், அதாவது படங்களின் எண்ணிக்கை) கூடவில்லையா? அப்ப தடங்கல் புரொசெசரில்தான். புதுக் காட் போட்டாலும் காசுக்குத்தான் கேடு.

ரெசொலூஷனைக் குறைத்தால் வரையவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே போய்விடும், காட்டின் சுமை இறங்கும். எதிரி எங்கே நிற்கிறான், எது எதில் மோதுகிறது என்று ஃபிரேமுக்கு ஃபிரேம் கணக்குப் போடும் புரொசெசரின் வேலையோ அப்படியே இருக்கும். டாஸ்க் மனேஜரில் மொத்தம் 40% என்று காட்டுவதை நம்பவேண்டாம். கிராஃபில் ரைட் கிளிக் பண்ணி புரொசெசருக்குள் தனித்தனியாக வேலைசெய்யும் பகுதியான ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் மூச்சுமுட்டிக்கொண்டு நிற்கும்.

60 ஹேர்ட்ஸ் மொனிட்டர் (செக்கனுக்கு 60 தடவை படத்தை மாற்றுவது) என்றால் எஃப்பிஎஸ்ஸை 60-க்கு மட்டுப்படுத்துங்கள். அதற்கு மேல் புரொசெசர் படும் பாடு திரையில் முழுதாகத் தெரியப்போவதில்லை. பலருக்கு இதுவே போதும், சதம் செலவில்லை.

வி-சிங்க் (எஃப்பிஎஸ்ஸை மொனிட்டரின் வேகத்தோடு பொருத்தும் செட்டிங்) அல்லது எஃப்பிஎஸ் லிமிட் போட்டிருந்தால் இந்தச் சோதனை பொய் சொல்லும்; முதலில் அவற்றை நிறுத்துங்கள். லப்டொப்பிலும் கவனம்: கொழும்பு வெக்கைக்கு, தூசி அடைத்த ஃபேனோடு புரொசெசர் சூடேறித் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதற்கு அப்கிரேட் தேவையில்லை, துப்புரவாக்கினால் சரி.