ஒரே வினாடியில் இரண்டு மஞ்சள் கொடி

ஃபார்முலா 1 பந்தயம் நடக்கும்போது ரேஸ் கன்ட்ரோல் (பந்தயக் கட்டுப்பாட்டு அறை) செய்திகளை எடுத்து டெலிகிராமுக்கு அனுப்ப, பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். அவ்வப்போது ஒரு செய்தி காணாமல் போகும். நெட்தான் சொதப்புகிறது என்று ரௌட்டரைக்கூட மாற்றினேன். தண்டச் செலவு.

பழைய பந்தயப் பதிவை ஓடவிட்டு வரிவரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. செய்தியின் நேரமுத்திரை வினாடியோடு நின்றுவிடுகிறது. ஒரு கார் சுவரில் மோதினால் ‘டிராக் செக்டர் 12, டபுள் யெல்லோ’ (இரட்டை மஞ்சள் கொடி), அதே வினாடியில் ‘செக்டர் 11, யெல்லோ’. (இது லேப் டைமுக்கான மூன்று செக்டர் அல்ல, கொடி காட்டும் மார்ஷல்களுக்கான பிரிவு. இதிலும் முதலில் குழம்பினேன்.) என் கோடோ ‘கடைசி நேரத்தைவிடப் பெரியது’ என்று மட்டும் கேட்டது. சற்றுப் பிந்தி வந்த இரண்டாவது செய்தி அம்போ!

‘பெரியது அல்லது சமம்’ என்று மாற்றினேன். நேரத்தையும் வாசகத்தையும் ஒட்டி ஒரே கீயாக்கி, ஒன்றை ஒருமுறை மட்டுமே வைத்துக்கொள்ளும் பைத்தான் ‘set’-இல் போட்டதில், வந்ததே திரும்ப வருவதும் நின்றது.

யுடிசி (உலகப் பொது) நேரத்தோடு ஐந்தரை மணி கூட்டி இந்திய நேரமாக்கியது சின்ன வேலை. பின்தங்கிய காரை வழிவிடச் சொல்லும் நீலக் கொடிகளை மட்டும் வடிகட்டிவிட்டேன். இல்லாவிட்டால் மொனாக்கோ பந்தய நாளில் போன் அதிர்ந்தே சார்ஜ் தீர்ந்துவிடும்.